டிவி ஸ்டாண்டில் ஒரு கம்ப்யூட்டர்

சுராயா ஆள்காட்டி விரலை மானிட்டரின் மேல் வைத்து மேல்பக்கமாகத் தள்ளினாள். பக்கம் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். விரல் ரேகைதான் கண்ணாடியில் எண்ணெய்க் கோடாக விழுந்ததே தவிர, மாதிரிக் கேள்வித்தாள் இருந்த இடத்தைவிட்டு அசைவதாக இல்லை. காலையிலிருந்து நர்சரி ஸ்கூலில் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இறக்கிய தோள்பட்டை வேறு விண்விண்ணென்று தெறித்தது.

ஆனந்தவள்ளி டீச்சர் வந்து நின்று புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள்.

"இது போன் இல்லம்மா. தொட்டா நகராது. மவுஸைப் பிடிங்க. நடுவுல சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அதை உருட்டுங்க."

அன்றைக்கு இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ, அந்தக் குரலில் கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு மிச்சமில்லை. ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியை ஒட்டிய ஒரு மாடியில் இருந்தது அவளுடைய சென்டர். முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்த இடம். இப்போது வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் டிகிரி படிக்கிறவர்களுக்கு அடிப்படைக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறாள். சின்னப் பசங்களும் வருவார்கள். போனில் வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு ஊருக்கே காட்டுகிற பசங்கள். ஆனால் எழுதி முடித்த ஒரு ஃபைலை எந்த இடத்தில் வைத்தோம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். மெயிலில் அதை இணைத்து அனுப்பு என்றால் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து டீச்சருக்கு அலுத்துவிட்டது. சுராயாவைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

சுராயா வீடு இருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம், திருச்சி டவுனில், நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில். அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்கா பஞ்சம்? தெருமுனையிலேயே ஒன்று இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தால் அடுத்த நிமிஷம் சந்து முழுக்கச் செய்தி போய்விடும். கல்யாண வயசில் பொண்ணை வைத்துக்கொண்டு இவளுக்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு என்று ஆளாளுக்கு நாக்கு நீளும். அதற்குப் பயந்துதான் மெயின்கார்டு கேட்டில் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, மூச்சிரைக்க அந்த மாடி ஏறுகிறாள். திரும்பும்போது பஸ்ஸில் நின்றபடியே தூங்கிவிடுவாள்.

பிளஸ் டூ முடித்ததும் நிக்காஹ் ஆனவள். புருஷன் நஸ்ருல்லா ஷார்ஜாவில் ஒரு கடையில் இருக்கிறார். வருஷங்கள் கழித்து, மகள் ஆலியாவின் புத்தகங்களை அடுக்கி வைக்கும்போது வந்த ஆசையில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். சும்மா சொல்லக்கூடாது, படித்தாள். சோறு கொதிக்கும்போது ஒரு பக்கம், பால் பொங்குவதற்குள் அரைப் பக்கம் என்று அடுப்படியில் நின்றே பாடங்களை முடித்தாள். ஆனால் படிப்பு மட்டும்தான் அவளுடையது. பாடத்தைத் திறப்பது, பதிலை அடிப்பது, அனுப்புவது எல்லாம் ஆலியா. சுராயா பின்னால் நின்று வாயால் சொல்லுவாள், ஆலியாவின் விரல்கள் படபடவென்று அடித்துத் தள்ளும். பரீட்சை என்றாலும் வீட்டிலிருந்து எழுதி அனுப்புகிற பரீட்சைதான். கேட்பதற்கு யாருமில்லை.

போன செமஸ்டரில் ஒருநாள் ஆலியா தன் சொந்தப் பாடங்களை முடித்துக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். "இன்னும் ஒரு கேள்விதாம்மா" என்று சுராயா கெஞ்சினாள்.

"என் படிப்புப் பாதி, ஒனக்கு அடிச்சுக் குடுக்குறது பாதி. சர்ட்டிபிகேட்ல யார் பேரைப் போடுவாங்க, ஒன் பேரா, என் பேரா?"

சிரித்துக்கொண்டே சொன்னதுதான். மனசில் வைத்துச் சொல்கிற பெண்ணும் இல்லை. ஆனாலும் சுராயாவுக்கு அது உள்ளே இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டது. அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

இப்போது ஆலியா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், லேப்டாப்பும் அவளோடு போய்விட்டது. போதாக்குறைக்குக் கடைசி செமஸ்டருக்குப் புது விதி வந்திருந்தது. கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதுகிறவரைத் தவிர அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. போன் கூடாது. முகமும் இரண்டு காதும் கேமராவில் தெளிவாகத் தெரிய வேண்டும். நர்சரி ஸ்கூலை நடத்துகிற அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்: "டிகிரி கையில இருந்தா ஜூன்ல இருந்து எல்கேஜிக்கு உன்னையே போட்டுடறேன் சுராயா. இல்லேன்னா வெளியில ஆள் எடுத்துடுவோம்." அந்த ஸ்கூலில் அவள் ஆயா. மூக்குத் துடைத்துவிட்டு, கால் கழுவிவிட்டு, மத்தியானம் தட்டித் தூங்க வைக்கிறவள். பிள்ளைகள் "ஆயாம்மா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். அதுவும் பிடிக்கும்தான். ஆனால் ஒரே ஒரு பிள்ளையாவது தன்னைப் பார்த்து "மிஸ்" என்று கூப்பிட வேண்டும். யாரிடமும் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிற அளவுக்கு ஆசை அது.

நஸ்ருல்லாவிடம் சொன்னபோது, "முடிஞ்சா எழுது, முடியலேன்னா விடு. யாரு கேக்கப்போறா?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் அவளுக்கு வலித்தது.

முதல் நாள் சென்டரில் நடந்ததை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. தட்டுத்தடுமாறி ஒரு பாரா அடித்து முடித்தாள். இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க அடிக்கத் திரையில் தமிழாக விழுவதைப் பார்த்து ஒரு சந்தோஷம். எழுந்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பிளக் பாயிண்டை டக்கென்று அணைத்தாள்.

"ஐயையோ, என்னம்மா பண்ணினீங்க?"

"முடிச்சுட்டேன் டீச்சர். கரண்டு எதுக்கு வீணான்னு ஆஃப் பண்ணினேன்."

"மிக்சியாம்மா இது, அரைச்சு முடிச்சதும் போர்டுல அணைக்கறதுக்கு? அடிச்சதை சேவ் பண்ணினீங்களா?"

சேவ் என்றால் என்ன என்றே அவளுக்குத் தெரியாது. போனில் எழுதினால் எழுதியது இருக்கும். பாதியில் விட்டுவிட்டுச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலேயே இருக்கும். எழுதிய ஒன்று, நாம் சொல்லாவிட்டால் இல்லாமலே போய்விடும் என்பது அவளுக்குப் புதுசு. டீச்சர் திரும்ப மிஷினைப் போட்டுக் காட்டினாள். வெள்ளைத் திரை. அந்த ஒரு பாராவுக்காக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அழாதீங்க. எல்லாரும் ஒரு தடவை தொலைச்சுட்டுத்தான் கத்துக்கறாங்க" என்றாள் ஆனந்தவள்ளி, அலுத்துக்கொண்டே. "ஒரு பாரா முடிஞ்சா ஒரு சேவ். கை தானா போகணும். யோசிச்சுப் பண்ணினா மறந்துடும். அப்புறம் இன்னொண்ணு, எது நடந்தாலும் போர்டுல மட்டும் கைய வைக்காதீங்க."

கை தானாகப் போக வேண்டும். அதுதான் கஷ்டம். சுராயாவின் கைகள் வேறு எத்தனையோ வேலைகளுக்குத் தானாகப் போய்ப் பழகியவை. ஆனாலும் விடவில்லை. வாரா வாரம் ஆற்றைத் தாண்டிப் போனாள். ரெட்டைக் கிளிக் அவளை ரொம்பப் படுத்தியது. முதல் தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சே விட்டுவிடுவாள், எதுவும் திறக்காது. அதுவும் படிந்தது. ஃபைலுக்குப் பெயர் வைத்தாள், ஓரிடத்தில் போட்டு வைத்தாள், தேடி எடுத்தாள். லாகின் பண்ணி வெளியே வந்து, திரும்ப உள்ளே போனாள். ஆலியாவின் பிறந்த நாளாக இருந்த பாஸ்வேர்டை மாற்றித் தானே ஒன்று வைத்தாள், அதை மகளிடம்கூடச் சொல்லவில்லை. தகவல் எல்லாம் போகிற மெயில் மட்டும் ஆலியாவின் பெயரிலேயே இருந்தது. அதை இப்போது மாற்றப்போய் ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று டீச்சரே வேண்டாம் என்றுவிட்டாள்.

வீட்டில் மிஞ்சியிருந்த கம்ப்யூட்டர் கொரோனா காலத்தில் ஆலியாவின் ஆன்லைன் கிளாசுக்காகப் பழையது பார்த்து வாங்கியது. மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்கிற யூபிஎஸ் செத்து ரொம்ப நாளாகிவிட்டது. ஹாலில் பழைய டிவி இருந்த ஸ்டாண்டு காலியாகக் கிடந்ததால் அதை அங்கே தூக்கி வைத்து, டிவிக்கு இருந்த அதே பிளக்கில் சொருகியிருந்தார்கள். அந்த சுவிட்சுக்கு ஒரு கதை உண்டு. சுராயா மருமகளாக வந்த புதிதில் மாமியார் சொன்ன முதல் சட்டம், பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் டிவி ஓடக் கூடாது. "பாங்கு, பாங்கு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சுராயா தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டே ஓடிப்போய் சுவிட்சை அணைப்பாள். மாமியார் மவுத்தாகி வருஷங்கள் ஆகிவிட்டன. பழக்கம் மட்டும் போகவில்லை. ஆலியா ஸ்கூல் படிக்கும்போது ஒருதடவை அவளுடைய ஆன்லைன் கிளாஸ் நடுவிலேயே இதே மாதிரி அணைத்துவிட்டு, பிள்ளை "அம்மா!" என்று கத்தினதும்தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. ரெண்டு பேரும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அதை மறந்தே போனாள். ஸ்ரீரங்கத்து மாடியில் கோயில் மணிதான் கேட்கும், அதற்குக் கை எங்கேயும் போகாது.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்த நேரம், இருட்டுகிறவரைக்கும் போகும். மத்தியானமே சமைத்து மூடிவிட்டாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். போன் பக்கத்தில் இருந்தால் கை போகும் என்று பயந்து, அதை அடுப்படியில் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு வந்தாள். துப்பட்டாவைக் காதுக்குப் பின்னால் தள்ளி முடிந்துகொண்டு கேமராவைப் பார்த்தாள். முகம் சரி என்று பச்சை டிக் விழுந்தபோது, தன் முகத்தை யாரோ முதல் தடவையாக ஒப்புக்கொண்டதுபோல இருந்தது.

அவளுக்கு இருந்த ஒரே பயம் கரண்டு. அது அன்றைக்கு என்னவோ சமர்த்தாக இருந்தது. கேள்விகளும் தெரிந்த கேள்விகள்தான். மெதுவாக, ரெண்டு விரலால், எழுத்து எழுத்தாகக் கொத்தினாள். ஒரு பாரா முடிந்தால் ஒரு சேவ். கை தானாகப் போனது. முதுகு பிளந்தது, கழுத்து இறுகியது, ஆனாலும் ஒவ்வொரு தடவை 'சேமிக்கப்பட்டது' என்று கீழே வரும்போதும் ஆனந்தவள்ளி டீச்சரை நினைத்துக்கொண்டாள். கடைசிக் கேள்வி பாசனம் பற்றியது. அதைப் பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது. முக்கொம்புக்கு எத்தனை தடவை போயிருக்கிறாள்! நிக்காஹ் ஆன வருஷம் நஸ்ருல்லா லீவில் வந்தபோது பிரியாணி கட்டிக்கொண்டு போய் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தைக் கையை நீட்டிக் காட்டினாரே. அதைப் பார்த்தவள் எழுதமாட்டாளா? ஒரு பாரா எழுதி சேவ் போட்டாள். அடுத்ததை ஆரம்பித்தாள். பாதி வரைக்கும் எழுதி, மறக்காமல் இருக்கட்டும் என்று அதற்கும் ஒரு சேவ் போட்டாள். பிறகு விரல் சூடு பிடித்தது, வரி வரியாக ஓடியது. இத்தனை வருஷம் ஆலியாவின் விரல் வழியாகப் போனதெல்லாம் இப்போது தன் விரல் வழியாகவே போகிறது என்ற நினைப்பில் வேறெதுவும் காதில் விழவில்லை.

ஒன்றைத் தவிர. பள்ளிவாசலில் பொழுது சாய்கிற நேரத்து மக்ரிப் பாங்கு சொல்ல ஆரம்பித்தது.

துப்பட்டா தலைக்கு ஏறியது. உதடு முணுமுணுத்தது. வலது கை பக்கவாட்டில் நீண்டு சுவிட்சை அணைத்தது.

டக்.

விசிறி சத்தம் போடுகிற அந்தப் பெட்டி மூச்சை விட்டு அடங்கியது. கருப்புக் கண்ணாடியில் தலைமூடிய ஒரு பொம்பளை தெரிந்தாள். அவள் கை இன்னும் சுவிட்சிலேயே இருந்தது. அல்லாவே, என்ன காரியம் பண்ணிவிட்டேன்! கரண்டு போயிருந்தால் யாரையாவது திட்டியிருக்கலாம். மிஷின் கெட்டிருந்தால் விதி என்று உட்கார்ந்திருக்கலாம். இந்தக் கையை என்ன செய்வது? எவ்வளவு சொல்லிக் கொடுத்தாள் அந்த டீச்சர்!

எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். டிரம்மின் மூடியைத் தள்ளிவிட்டு, முழங்கை வரைக்கும் அரிசிக்குள் கையை விட்டாள். போன் விரலில் தட்டுப்பட்டது. ஆலியாவைக் கூப்பிட்டால் போதும். அவள் அங்கிருந்தே சொல்லுவாள், இதை அழுத்து, அதை அழுத்து, ஏம்மா நீ இப்படி இருக்க, தள்ளு. பக்கத்தில் இருந்தால் தள்ளிவிட்டு அவளே உட்கார்ந்துவிடுவாள். எல்லாம் சரியாகிவிடும். எல்லாம் திரும்பவும் அவளுடையதாகிவிடும்.

அரிசி குளுகுளுவென்று இருந்தது. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாள். அவ்வளவு அசதியாக இருந்தது, அந்த டிரம்மின் மேலேயே தலையை வைத்துப் படுத்துவிடலாம் போல. முடியலேன்னா விடு, யாரு கேக்கப்போறா. பிறகு போனை எடுக்காமல் கையை மட்டும் வெளியே எடுத்தாள்.

சுவிட்சைப் போட்டாள். பெட்டியின் பட்டனை அழுத்தினாள். அது சாவகாசமாக உறுமிக்கொண்டு எழுந்தது. ஒழுங்காக அணைக்கவில்லை என்று இங்கிலீஷில் ஏதோ குற்றம் சொன்னது. "ஆமா, ஒழுங்கா அணைக்கலதான், அதுக்கென்ன இப்ப" என்று வாய்விட்டே சொன்னாள். ரெட்டைக் கிளிக் முதல் தடவையிலேயே விழுந்தது. பரீட்சைப் பக்கம் வந்தது. தான் மட்டும் அறிந்த பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கேமரா திறந்தது. முகம் தெளிவாக இல்லை என்றது. பெயில் ஆக்கிவிட்டார்களோ? அப்புறம்தான் தலையில் கிடந்த துப்பட்டா ஞாபகம் வந்தது. தூரத்துப் பள்ளிவாசல் ஒன்றில் பாங்கு இன்னும் முடியவில்லை. காதுக்குப் பின்னால் தள்ளினாள். முடிச்சுப் போடும்போது கையில் ஒட்டியிருந்த அரிசி கீபோர்டில் உதிர்ந்தது.

பச்சை டிக்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு கடைசிக் கேள்வி வந்தது, கீழே அவள் எழுதிய முதல் பாரா அப்படியே இருந்தது. ரெண்டாவது பாராவும் இருந்தது, அவள் கடைசியாகச் சேமித்த இடம் வரைக்கும்: 'முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து'. அதோடு சரி. அதற்குப் பிறகு ஓடிய அந்த நல்ல வரிகள் ஒன்றுகூட இல்லை. மூலையில் நேரம் தன்பாட்டுக்குக் குறைந்துகொண்டிருந்தது. இருக்கிற நேரம் போதுமா, போதாதா? கணக்குப் போட்டுப் பார்க்கவும் பயமாக இருந்தது.

அடுப்படியில் டிரம்முக்குள் போன் அதிர ஆரம்பித்தது. அரிசிக்குள்ளிருந்து ஒரு மங்கலான உர்ர்ர். பரீட்சைக்குள் மறுபடி நுழைந்ததாக அந்தப் பழைய மெயிலுக்குத் தகவல் போயிருக்கும். ஆலியாதான். ஹாஸ்டல் மாடியில் நின்றுகொண்டு, என்ன ஆச்சோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள் பிள்ளை. சத்தம் நின்றது. திரும்ப வந்தது.

சுராயா எழவில்லை. கீபோர்டிலிருந்த அரிசிமணிகளைப் புறங்கையால் ஒதுக்கினாள். பாங்கு முடிந்து சந்து அமைதியாகிவிட்டிருந்தது. 'பிரிந்து' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, ரெண்டு விரலையும் மெதுவாகக் கீழே இறக்கினாள்.